அ.சா.1

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். எதிரே டீக்கடைகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. ஜெராக்ஸ் கடையில் அக்காவுக்குப் பதில் நான்.

பஞ்சர் கடை பாபு அண்ணன் ஆதாரோடு வந்தார். புதூர்நாட்டுக்கு வந்து இரண்டு வருடம். எந்த ஊர், யார் வூட்டு ஆள், ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார். கார்டில் வேறு பெயர்: வீரபத்திரன், த/பெ மாரப்பன். பாபு என்பது ஒட்டுப்போட்ட பெயர்!

ஜூலை 9, புதன்
தோழி செல்வியும் நானும். அவள் போன். கோர்ட் இணையதளம், யார் வேண்டுமானாலும் தேடலாம். கார்டிலிருந்த பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றும் பொருந்தி ஒரு தீர்ப்பு. கொலை வழக்கு. நாற்பது பக்கம்; நாலுதான் படித்தோம். எங்கு பார்த்தாலும் “அ.சா.1 வீரபத்திரன்”.

“அ.சா.ன்னா இன்னாடி?”
“அசலா சாவடிக்கறவன். அதுலயும் நம்பர் ஒன்னு.”

சிரித்தோம். பிறகுதான் நினைவு வந்தது: போன மாதம்தான் அவர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கினேன்.

பயம் போக ஒரு குறும்பு. தாளில் பெரிதாக “அ.சா.1 வீரபத்திரன்” எழுதி அவர் கடை ஷட்டரில் ஒட்டி, போட்டோ எடுத்து, செல்வி போனில் ஸ்டேட்டஸ்.

ஜூலை 10, வியாழன்
ஷட்டர் திறக்கவில்லை. தாளைக் காணோம். என் கையெழுத்து என்று தெரிந்திருக்குமா? இட்லி இறங்கவில்லை.
அம்மா: “இன்னாடி, பேயறைஞ்ச மாரி கீற?”

செல்வி ஓடி வந்தாள். அவள் அண்ணன் அந்தப் போட்டோவை ஜீப் டிரைவர்கள் குரூப்பில் போட்டானாம். யாரோ கேட்டார்களாம், “இது எந்த ஊரு கடைங்க?” இவன் வழியோடு சொல்லியிருக்கிறான்.

மாலை, மீதித் தீர்ப்பு. கடைசிப் பக்கத்தில் பட்டியல். அ.சா. என்றால் அரசுத் தரப்புச் சாட்சி.

கொன்றவர் இல்லை. தன் தம்பியை இருவர் வெட்டியதை நேரில் பார்த்துக் கோர்ட்டில் சொன்னவர். குற்றம் சாட்டப்பட்டவர்களை ‘எதிரி’ என்றுதான் எழுதுகிறார்கள். எதிரி 1, எதிரி 2. அதே தளத்தில் இன்னொரு உத்தரவு: மேல்முறையீட்டில் இருவருக்கும் ஜாமீன்.

நான் தாள் ஒட்டி எதிரியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி
மதியம் பஞ்சர் கடைப் பின்கதவைத் தட்டினேன். கையில் பையோடு நின்றார்.

“அண்ணே, தாளு ஒட்னது நான்தான்.”
“ஒட்டறது என் வேலையாச்சே, பாப்பா.”

சிரிக்கவில்லை. குரூப்பில் வழி சொன்னதையும் சொன்னேன். டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“போலீசுக்குச் சொல்லலாம்ண்ணே.”
“காலைலயே சொல்லிட்டேன். வர்றோம்னாங்க. திருப்பத்தூர் பஸ் எத்தினி மணிக்கு?”
“மூணு.”

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். பத்தடி பின்னால் நான். பஸ் வந்தது. முன்படியில் இரண்டு பேர் இறங்க, பின்படியில் அவர் ஏறினார். இறங்கியவர்களில் ஒருவன் என்னிடம் போனை நீட்டினான். ஷட்டர், தாள், என் கையெழுத்து.

“பாப்பா, இந்தக் கடை எங்க கீது?”

மேட்டுப் பாதைப் பக்கம் கையைக் காட்டினேன். நடந்தார்கள். டிரைவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். ஊதி ஊதி. கடைசியில் பஸ் நகர்ந்தது, வளைவில் மறைந்தது.

வளைவைப் பார்த்தபடியே நின்றேன். அவர்கள் திரும்பி வந்தார்கள்.

“அங்க கடையே இல்லியே. உம் பேரு இன்னா?”

“செல்வி” என்றேன். எப்படி வந்தது அந்தப் பெயர், தெரியவில்லை.

“எந்த வூடு?”

செல்வி வீட்டு அடையாளத்தையும் சொல்லிவிட்டேன்.