ஸ்டேஷன் பெஞ்சில் நம் செல்வி

என் பாண்டியம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நம் செல்வியைப் பற்றி உன்னிடம் சொல்லவேண்டும். ஊரும் கேட்கட்டும். அவளைத் தப்பாக நினைத்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

நீ இறந்த மாதம்தான் அவள் பத்தாவது பரீட்சை எழுதினாள். கணக்கில் தோற்றாள். "படிச்சது போதும்" என்று ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டேன்.

போன ஆவணிக்குப் பிறகு வீடு திரும்ப நேரமாக்கினாள். கேட்டால், "சோலி நெறைய கெடக்குப்பா" என்பாள். கடைக் கணக்குப்பிள்ளையோ, "நாலு மணிக்கே எல்லாரையும் அனுப்பிர்றோமே அண்ணே" என்றார். அவள் பையைத் துழாவினேன். ஒரு பென்சில், பாதி தேய்ந்த ரப்பர். யாருக்குக் கடிதம் எழுதுகிறாள்? போடிமெட்டுக்கு நான் ஓட்டும் ஜீப்பில் ஏறும் ஒவ்வொரு இளவட்டத்தையும் கண்ணாடியில் முறைத்துப் பார்த்தேன். உன் அண்ணனிடம், "மச்சான், தை மாசமே செல்விய ஒங்க மகனுக்குக் கட்டி வச்சிருவோம்" என்றும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கடை விட்டதும் அவள் பின்னாலேயே போனேன். ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள். ரயில் இல்லாத நேரம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து, வரப்போகிறவனுக்காகக் காத்திருந்தேன். ஒரு மணி நேரமாகியும் எவனும் வரவில்லை. அவள் எழுதினாள், அழித்தாள், தலையில் தட்டிக்கொண்டு மறுபடி எழுதினாள்.

பொறுக்காமல் எதிரே போய் நின்றேன்.

"யாருக்குடி காத்திருக்கே?"

நோட்டை நீட்டினாள். பக்கம் முழுக்கக் கணக்கு. "தோத்த கணக்குப் பரீட்சைக்குப்பா. தனியா எழுதப் போறேன்."

"யாரு சொல்லிக் குடுக்குறா?"

"யாருமில்ல. பழைய பொஸ்தகம், நோட்டெல்லாம் கடையில ஒளிச்சு வச்சிருக்கேன். வராத கணக்க வர்ற வரைக்கும் போட்டுப் பாப்பேன்."

"வீட்ல படிச்சா என்ன?"

"நீ வேணாம்னுருவேல்லப்பா."

சொல்லியிருப்பேன், பாண்டியம்மா. அது இன்னும் உறுத்துகிறது. அன்றைக்கே போய்க் கல்யாணப் பேச்சை நிறுத்தினேன். உன் அண்ணன் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நேற்று பேப்பரில், பாஸானவர்கள் பட்டியலில் அவள் நம்பர் வந்தது. அச்சில் தப்பு விழுந்திருக்குமோ என்று டீக்கடையில் மூன்று பேரைப் பார்க்கச் சொன்னேன். "அதே நம்பர்தாண்ணே, சந்தேகப்படாதீங்க" என்று சிரித்தார்கள். பிறகு மெட்டு வரைக்கும், ஜீப்பில் இருந்த எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு போனேன். தானாகப் படித்தவள் என்றும் சேர்த்துச் சொன்னேன். நீ இருந்திருந்தால் முதலிலேயே அவளை நம்பியிருப்பாய், இல்லையா?

மேலே படிக்கவேண்டும் என்கிறாள். எங்கே, எதற்கு, கூட யார் என்று குடைந்து குடைந்து கேட்பேன். என் புத்தி அப்படி. ஆனால் அவள் படிப்புக்குக் குறுக்கே நிற்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பன்