டிவியின் கால் என்னிடம் இருக்கிறது

மூக்கண்டப்பள்ளி,
செப்டம்பர் 21, ஞாயிறு.

அன்புள்ள மகள் ஃபெபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் நாளைக்கு வரப்போகும் மழையை இன்றைக்கே சொல்லிவிடுகிறது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே காலையும் மாலையும் என் ஜெபம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், நான் சொல்ல வந்தது எல்லாம் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று முடிந்துபோகிறது. உன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரும் லிபியா புதன்கிழமை விமானம் ஏறுகிறாள், அவளிடம் எள்ளுப்பொடியும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன், முறுக்கு டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். தனியாக இருக்கும்போது படி.

நீங்கள் வாடகைக்கு இருந்த மத்திகிரி வீட்டைக் காலி செய்துவிட்டோம். கட்டில் பீரோ எல்லாம் நம் வீட்டுக்கு வந்துவிட்டன, நடப்பதற்குத்தான் இடம் இல்லை. டிவியை மட்டும் காவேரிப்பட்டினத்துக்கு அனுப்பச் சொன்னாய். மாப்பிள்ளையுடைய அம்மா வீடு பெரியது, மாடியில் அறை சும்மா கிடக்கிறது, நம் வீட்டில் அவ்வளவு பெரிய டிவியை எங்கே வைப்பது என்று நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதே மூச்சில், அம்மா நீதான் பேக்கிங் நன்றாகச் செய்வாய், நீயே கட்டி அனுப்பிவிடு என்றாய் பார், அது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கட்டுவதற்கு நான், வைத்துக்கொள்வதற்கு அவர்கள். உன்னை வளர்த்து அனுப்பியதும் அப்படித்தானே என்று அன்றைக்கு முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அப்பா கேட்டுவிட்டு, ஏன்டி சாராளு, டிவி மேலகூடவா உனக்குப் பொறாமை என்றார். டிவி மேல் எனக்கென்ன பொறாமை? டிசம்பரில் மூன்று வாரம் லீவில் வருகிறீர்கள், பெங்களூரில் இறங்கியதும் நேராகக் காவேரிப்பட்டினம்தான் போவோம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். நம் ஓசூரைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டியே போய்விடுவீர்களாம். டிவியும் அங்கே இருந்தால் மாப்பிள்ளை கிரிக்கெட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், நீயும் அங்கேயே இருப்பாய், நான் கிறிஸ்துமஸ் அன்றைக்கு உன்னைச் சபையில் எல்லாருக்கும் காட்டலாம் என்று நினைத்திருப்பது நடக்காது. எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஒளிப்பானேன்.

இருந்தாலும் வேலை என்று வந்துவிட்டால் உன் அம்மா வேலையில் குறை வைக்க மாட்டாள். கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம் நின்ற கால் இது. டிவியை ஒரு நாள் முன்னாலேயே நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டேன். கண்ணாடி என்று நினைத்துத் தண்ணீர் தொட்டுத் துடைப்பவர்கள் உண்டு, நான் உன் பழைய காட்டன் துப்பட்டாவால் பூப்போலத் துடைத்தேன். எந்த வயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று அப்பாவைப் போட்டோ எடுக்கச் சொன்னேன், அவர் பாதி போட்டோவில் தன் விரலையே எடுத்து வைத்திருக்கிறார். ரிமோட்டில் இருந்த பேட்டரியைக் கழற்றினேன், அப்படியே விட்டால் மாதக்கணக்கில் கிடந்து கசிந்துவிடும். டிவி வந்த அட்டைப்பெட்டி பரண் மேல் தெர்மகோலோடு பத்திரமாக இருந்தது, அன்றைக்கு அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடப்போனவள் நீ, வேண்டாம் என்று தடுத்தவள் நான், ஞாபகம் வைத்துக்கொள். டிவியின் முகத்துக்கு முதலில் சுத்தமான போர்வை, அதற்கு மேல்தான் பபுள் ஷீட். ஈரம் இழுக்க, செருப்பு டப்பா பை டப்பா என்று நான் சேர்த்து வைத்திருந்த சிலிக்கா பாக்கெட் ஒன்பதை மூலைக்கு மூலை போட்டேன். பிரவுன் டேப்பை அடியில் இரட்டையாக ஒட்டி, இந்தப் பக்கம் மேலே என்று நாலு பக்கமும் அம்புக்குறி போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, பொண்ணக்கூட நீ இவ்ளோ பத்திரமாக் கட்டிக் குடுக்கலயே என்றார்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். டிவியைப் பெட்டியில் இறக்குவதற்கு முன் அதன் இரண்டு காலையும் கழற்ற வேண்டும் அல்லவா, கழற்றினேன். நாலு ஸ்குரூவையும் ஒரு சின்னக் கவரில் போட்டுக் காலோடு சேர்த்துக் கட்டினேன். பெட்டிக்குள் வைக்கப்போன கை அப்படியே நின்றுவிட்டது. டிவியைச் சுவரில் மாட்டுகிற கம்பியும் அவர்கள் வீட்டில் கிடையாது, கால் இல்லாவிட்டால் இந்த டிவி எங்கேயும் நிற்காது. அப்புறம் மாப்பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்காருவார்? காலை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பெட்டியோடு போகிற பேக்கிங் லிஸ்ட்டை என் கையாலேயே எழுதினேன். டிவி ஒன்று, ரிமோட் ஒன்று, வயர் மூன்று, கால் இரண்டு, ஸ்குரூ நாலு, எல்லாம் உள்ளே, என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். லிஸ்ட்டில் ஒன்று பெட்டியில் ஒன்று என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என் டேபிளிலிருந்து சரக்கு போனதில்லை. சூப்பர்வைசர் திறந்து பார்க்காமலே சீல் வைப்பார், சாராள் டேபிள் என்றால் அப்படி. ரிட்டையர் ஆன பிறகு, பெற்ற மகளுடைய டிவிக்கு, பொய் லிஸ்ட் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வெங்கடப்பன் டெம்போவில் ஏற்றினோம். அவர் இடம் பத்தாது என்று பெட்டியைப் படுக்க வைக்கப் பார்த்தார், ஏனூ ஆகல்லா அக்கா, ஒண்ணும் ஆவாது என்று கன்னடத்தில் பாதி தமிழில் பாதி சமாதானம் சொன்னார். பெரிய டிவியைப் படுக்க வைத்துப் போனால் வேகத்தடைக்கு வேகத்தடை கண்ணாடி மேல் பாரம் இறங்கும், நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். கடைசியில் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஓசூரிலிருந்து காவேரிப்பட்டினம் வரை பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். சூளகிரி தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. யார் வீட்டு மாடியில் வைப்பதற்கு நான் இந்தப் பாடு படுகிறேன் என்று வழி முழுக்க எனக்கு எரிந்தது.

சம்மந்தியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மாடி அறையைப் பார்த்ததும் என் எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று. புது டைல்ஸ், புது ஃபேன், கட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு, இரண்டு தலையணை, சுவரில் உங்கள் கல்யாண போட்டோ பெரிதாக. அந்தப் போட்டோவில் நானும் அப்பாவும் நின்ற பக்கம் இல்லை. நம் வீட்டில் நீங்கள் வந்தால் ஹாலில்தான் பாய் போட வேண்டும், அதையும் நினைத்துக்கொண்டேன். பெட்டியைச் சுவரோரமாக நிறுத்தி வைத்துவிட்டு, வெயில் படும் ஜன்னலுக்கு நேராக வேண்டாம், மேலே எதையும் அடுக்க வேண்டாம் என்று சொல்லி லிஸ்ட்டை நீட்டினேன். திறந்து சரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய் சொன்னது, திறந்துவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சம்மந்தியம்மா கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் சம்மந்தி, இதுல பாக்க என்ன இருக்கு என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சூப்பர்வைசர் மாதிரியே.

கீழே வந்து காபி குடிக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. இந்த டிவிய வெச்சி நான் என்னா பண்ணப் போறேன் சம்மந்தி, எனக்கு சீரியல் பாக்க சின்னதே போதும், நாந்தான் மெல்வின்கிட்ட கேட்டு இங்க அனுப்பச் சொன்னேன், இது இருந்தாவாச்சும் முதல்ல இங்க வந்து எறங்குவான்ல என்றார். அதே கணக்கைத்தானே நான் கைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! அதோடு அவர் நிறுத்தவில்லை. உங்களுக்கென்ன, உங்க பொண்ணு தெனமும் உங்ககிட்ட பேசுது, என் பையன் ஞாயித்துக்கெழமயானா சாப்டியாம்மா மாத்திர போட்டியாம்மான்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு வெச்சிடறான், எனக்கு உங்களப் பாத்தா பொறாமையா இருக்கு சம்மந்தி என்று நேராகவே சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிற மனுஷி, என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். கேட்டதும் எனக்கு மனது குளிர்ந்தது, கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். அடுத்த நிமிஷமே கூசியது.

லிஸ்ட்டைத் திரும்ப வாங்கினேன். கால் இரண்டு ஸ்குரூ நாலு என்ற வரியை அடித்து, பக்கத்தில் சாராளிடம் என்று எழுதி, அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பையிலிருந்து காலை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் மனம் வரவில்லை, லிஸ்ட்டைத்தான் திருத்த முடிந்தது. சம்மந்தியம்மா இந்தத் தடவை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் வெங்கடப்பன் டெம்போவிலிருந்து எட்டிப் பார்த்தார். இருக்கட்டும் சம்மந்தி, காலு உங்ககிட்டயே இருக்கட்டும், ஒடம்பு எங்கிட்டதான இருக்கு என்றார். வரும்போது ஒரு பை நிறையத் தேங்காயும் கொடுத்துவிட்டார். ஆகவே நீங்கள் டிசம்பரில் இறங்கியதும் முதலில் நம் வீட்டில் கால் வைத்து, டிவிக் காலை வாங்கிக்கொண்டு, பிறகு காவேரிப்பட்டினம் போக வேண்டும். இதற்குச் சம்மந்தியம்மாவும் சம்மதம். அறையை அவர் ஆசையாகப் போட்டு வைத்திருக்கிறார், ஒரு வாரமாவது அங்கே தங்குங்கள், பத்து நாள் வேண்டாம்.

எழுதியதை அப்பாவிடம் படித்துக்காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, டிவி காலப் பத்தி இவ்ளோ எழுதினியே, போன் காலப் பத்தி எழுதினியா என்று கேட்டார். அவரிடம் எதையும் மறைக்க முடியாது. அதையும் எழுதிவிடுகிறேன். நீ தினமும் பேசுகிறாய் என்று சம்மந்தியம்மாவுக்கு யார் சொன்னது என்று நினைக்கிறாய்? நான்தான். போன வைகாசியில் சுஜாதா மகள் கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அவர் கழுத்தில் புதுச் செயின் போட்டிருந்தார், மெல்வின் அனுப்பினான் என்றார், எனக்குப் பொறுக்கவில்லை, எங்க ஃபெபா தினமும் அரை மணி நேரம் என்னிடம் பேசாமல் தூங்க மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். நீ வாரத்துக்கு இரண்டு தடவை பேசுகிறாய், டியூட்டி மாறினால் ஒரு தடவை. அந்த ஒரு வார்த்தைதான் அவர் மனதில் கிடந்து, அவர் டிவியைக் கேட்டு, நான் காலை ஒளித்து, இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதே. மாப்பிள்ளையை அவர் அம்மாவிடம் இரண்டு கேள்விக்கு மேல் பேசச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே. நீங்கள் இருவரும் எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியிலும் கர்த்தர் கூட இருந்து காப்பாராக. டிவிக் காலை என் பச்சை டிரங்குப் பெட்டியில் உன் துப்பட்டாவில் சுற்றி வைத்திருக்கிறேன். கால் கணக்கை நான் திருத்திவிட்டேன் ஃபெபா. நீ தினமும் பேசுகிறாய் என்று சொன்னதை மட்டும் சம்மந்தியம்மாவிடம் திருத்தவில்லை, திருத்த மனம் இல்லை. அதைப் பொய்யாக விடுவதும் உண்மையாக்குவதும் உன் கையில் இருக்கிறது.

உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா,
பி. சாராள்.