ஆறாம் நாள் பிரசங்கம்

ஜூன் 4

கர்த்தருக்குள் பிரியமான என் மனைவிக்கு,

நான் நலம். உன் நலத்துக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் அக்காவிடம் கேட்டால், "அவ வேலையில இருக்கா" என்று ஒரே பதிலைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறார். ஆகவே காகிதமும் பேனாவும்தான் கதி என்று உட்கார்ந்துவிட்டேன். என் கையெழுத்தைக் கோழி கிளறினது போல என்று கேலி செய்வாயே. இப்போது கோழிப் பண்ணையில்தானே இருக்கிறாய், படித்துவிடுவாய்.

வீடு நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. உன் தையல் மெஷின்மேல் என் பிரசங்கக் குறிப்புகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. சட்டையில் பொத்தான் அறுந்தால் அங்கியை மேலே போட்டு மறைத்துக்கொள்கிறேன். மனிதன் தனியாக இருப்பது சரியில்லை என்று பார்த்துத்தானே கடவுள் ஏவாளைத் துணையாகப் படைத்தார். குத்திக்காட்டவில்லை, சும்மா சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மூன்றாம் ஞாயிறு மேற்பார்வையாளர் ஐயா நம் சபைக்கு வருகிறார். என்னை இங்கே நிரந்தரமாக்குவதா, வேறு எங்காவது தூக்கிப்போடுவதா என்பது அன்றைக்கு முடிவாகும். கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்: "தப்பா நினைக்காதீங்க ஐயா. சொந்த வீட்டையே சேர்த்து வச்சுக்க முடியாதவர் சபையை எப்படிச் சேர்த்து வைப்பார்?" முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் போலவே, படைப்பின் ஏழு நாட்களையும் ஏழு ஞாயிறுகளில் பிரசங்கிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் வரும் அன்று ஆறாம் நாள் விழுகிறது. மனிதனைப் படைத்த நாள். மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பதுதான் பேச்சு. நீ முன்வரிசையில், உன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

போன வருஷம் அதே பிரசங்கத்தின்போது நடந்ததை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். அன்றைக்கு எனக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. நான் விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு. பிரசவத்துக்கு முந்தின வாரம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நீ ஏணியில் ஏறி ஒட்டடை அடித்ததை நான் இதுவரை ஒருத்தரிடமாவது சொல்லியிருப்பேனா? சொல்லவும் மாட்டேன்.

ஊழியத்தில் உன் துணையை எதிர்பார்க்கும்,
உன் கணவன்


ஜூன் 13

போதகர் ஐயா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கோழி கிளறினதேதான், படித்துவிட்டேன்.

குழாய்க்குள் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், மாற்றச் சொல்லுங்கள். பொத்தான்கள் உங்கள் மேஜை இழுப்பறையிலேயே ஒரு டப்பாவில் இருக்கின்றன. ஏவாளைப் படைத்தது பொத்தான் தைக்கத்தான் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன். நான் ஒட்டடை அடித்தது உங்கள் படிப்பறையில். "இந்தத் தூசியில உக்காந்து எப்படிம்மா எழுதுறது" என்று நீங்கள் முணுமுணுத்ததால் அடித்தேன். அதையும் யாரிடமும் சொல்லவேண்டாம்.

நான் இருப்பது பண்ணை இல்லை, குஞ்சு பொரிப்பகம். முட்டையிலிருந்து வந்த அன்றே குஞ்சுகளைத் தட்டு தட்டாகக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைப்பார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துச் சிறகை விரித்துப் பார்க்கவேண்டும். ஓரத்து இறகுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாறி மாறி இருந்தால் பெட்டை. எல்லாம் ஒரே அளவு என்றால் சேவல். பெட்டை பெட்டிக்குப் போகும், முட்டையிட. சேவல் பக்கத்தில் இருக்கிற குழாய்க்குள் போகும். குழாயின் மறுமுனையில் அரைக்கிற இயந்திரம். கையில் எடுக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும், கீச் கீச்சென்று விரலைக் கொத்தும்.

முதல் நாள் நான் அழுதுவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனிதர். பக்கத்தில் வந்து, "எதுவும் வீணில்லம்மா. சேவலும் ஒரு வேலைக்குத்தான் பொறக்குது. அரைச்சா மீனுக்குத் தீவனம். அது வந்த வேலை முடிஞ்சுது, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. சுண்டுவை அடக்கம் செய்த அன்று நீங்களும் இதைத்தானே சொன்னீர்கள். ஒரு வாரம்கூட முழுசாக உயிரோடு இருக்காத பிள்ளை. உங்கள் பிரசங்க மேடைக்குக் கீழே அவனுடைய பெட்டி, செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே நின்றுகொண்டு, "இந்தக் குழந்தை வீணாகப் பிறக்கவில்லை. தூங்கிக்கிடந்த இந்தச் சபையை எழுப்பவே கடவுள் இவனை அனுப்பினார். வந்த வேலையை முடித்தான், போய்விட்டான்" என்றீர்கள். கோயிலே குலுங்கிக் குலுங்கி அழுதது. அடுத்த ஞாயிறு உட்கார நாற்காலி போதவில்லை. நான் மார்பில் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தேன். நீங்கள் அறை வாசலில் நின்று, "இன்னிக்கு எவ்வளவு கூட்டம் தெரியுமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டீர்கள்.

ஞானஸ்நானம் கொடுக்கும் அன்றுதான் பெயர் வைப்பேன் என்று தள்ளிப்போட்டீர்கள். சுண்டு என்று நான் கூப்பிட்டதைக் கல்லறைக் கல்லில் போட்டால் மரியாதையாக இருக்காது என்றீர்கள். கல்லில் "போதகரின் மகன்" என்று வெட்டினார்கள். அங்கேயும் உங்கள் உத்தியோகம்தான் முதலில்.

வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

உங்கள் மனைவி


ஜூன் 21

பிரியமான மனைவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். படைப்பின் மகிமையைக் கோழிக்குஞ்சோடு வைத்துப் பேசும் அளவுக்கு உன் மனம் கசந்துவிட்டது. உனக்காக உபவாசம் இருந்தேன்.

போன வருஷம் அந்தப் பிரசங்கத்தின் நடுவே கோயில்பிள்ளை மேடைப் படி ஏறி வந்தது உண்மை. மணி அடிப்பதும் மைக் போடுவதும்தான் அவர் வேலை. மைக் சத்தம் கூடிவிட்டது என்று சொல்ல வருகிறார் என்றுதான் நினைத்தேன். பிரசங்கத்தின் நடுவே என்னிடம் யாரும் வரக்கூடாது என்பது நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து இருக்கிற ஒழுங்கு. அது மற்றவர்களைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அந்த நேரத்தில் ஆள் அனுப்பினாய். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெண்கள் பதறுவது இயல்பு.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவன் ஒரு நோக்கமும் இல்லாமல் சும்மா வந்து சும்மா போனான் என்றால், என்னால் தாங்கமுடியாது. காலையில் எந்த நம்பிக்கையில் எழுந்திருப்பேன்? அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

ஜூலை மூன்றாம் ஞாயிறு. மறந்துவிடாதே. வெளிர் நிறத்தில் ஏதாவது உடுத்தினால் நன்றாக இருக்கும். மேற்பார்வையாளருக்குப் பகட்டு பிடிக்காது.

உன் கணவன்


ஜூலை 2

என்னங்க,

இப்படிக் கூப்பிட இன்றைக்குத்தான் வாய் வந்தது. சும்மா வந்து சும்மா போனான் என்றால் தாங்காது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். மீதிக் கடிதம் முழுக்கப் போதகர் ஐயா இருந்தார்.

மைக் கதையை என்னிடம் விடாதீர்கள். அன்று காலை டாக்டர், "இனிமே நேரமில்லம்மா, அப்பாவை வரச் சொல்லுங்க" என்றார். ஆஸ்பத்திரி கோயிலுக்கு அடுத்த தெரு. உங்கள் போனை அணைத்து வைத்திருந்தீர்கள். கோயில்பிள்ளைக்குப் போட்டேன். அவர் போனை அணைக்காமலே கையில் வைத்துக்கொண்டு படி ஏறினார். கடவுள் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்து, அவன் மூக்கில் மூச்சை ஊதினார் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "ஐயா, குழந்தை..." என்று அவர் சொன்னதும் கேட்டது. பிறகு அவர் இறங்கும் சத்தம். "கையைக் காட்டி நிறுத்திட்டாரும்மா" என்று அழுதார்.

நான் போனை வைக்கவில்லை. என் மடியில் சுண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். அப்பா குரலையாவது கேட்கட்டும் என்று போனை அவன் காதோடு வைத்தேன். மூச்சைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினீர்கள். சபை ஆமென் சொன்னபோது அவன் இல்லை.

நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. முதல் வாரம் ஒவ்வொரு சேவலையும் ஒரு தரம் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் போட்டேன். இப்போது பக்கத்தில் இருக்கிறவளிடம் சினிமாக் கதை கேட்டுக்கொண்டே குழாயில் போடுகிறேன். கை தானாகப் போகிறது. உங்கள் கையும் அப்படித்தான் அன்றைக்குத் தானாக எழுந்திருக்கும். என்னிடமே இந்தக் கை இருக்கும்போது உங்களை என்ன சொல்வது?

உங்களை வெறுக்க முடிந்திருந்தால் என் பாடு சுலபமாக இருந்திருக்கும், முடியவில்லை. இங்கே கட்டில் முழுக்க எனக்குத்தான், ஆனாலும் பழைய வழக்கத்தில் சுவரோரமாகவே படுக்கிறேன். உங்களிடம் வந்துவிடவேண்டும் என்றுதான் இருக்கிறது.

வருகிறேன். முன்வரிசையில் உட்காருகிறேன். ஒன்றை மட்டும் என் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தபிறகு தங்குவதா, திரும்பிப் போவதா என்று முடிவு செய்வேன்.

உங்கள் மனைவி


ஜூலை 18

என் அன்பே,

ஸ்தோத்திரம்! நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. பொருளாளரே எழுந்து முன்மொழிந்தார் என்றால் பார்த்துக்கொள்!

நீ வெளிர் நீலத்தில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது. மேடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின்வரிசைப் பெண்கள் ஒருத்தரையொருத்தர் இடித்துக் காட்டினார்கள். நம் சுண்டுவைப் பற்றி நான் சொன்னபோது மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கவனித்தாயா, சுண்டு என்றே சொன்னேன், உனக்காக. அந்தச் சின்ன உயிர் எதற்காக வந்தது என்பது இந்த நிறைந்த கோயிலைப் பார்த்தால் தெரியும் என்றேன். இதைவிட நான் நன்றாகப் பிரசங்கித்ததில்லை.

இரண்டு சின்னக் குறைகள். யாரோ ஒரு புத்தியில்லாத ஆள் பெரிய பெட்டி ஒன்றைக் கோயில் வாசலிலேயே வைத்திருக்கிறார். பொருளாளர் தடுக்கி விழப் பார்த்தார். இன்னொன்று, நம் கோயில்பிள்ளை. மூச்சை ஊதுகிற இடம்தான் பிரசங்கத்தின் உச்சம், சரியாக அங்கே மறுபடியும் படி ஏறி வருகிறார்! இந்த ஆளுக்கு வேறு நேரமே கிடைக்காதா? திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். ஒரு சொல் பிசகவில்லை. மேற்பார்வையாளர்கூட அந்த நிதானத்தைப் பாராட்டினார்.

பிறகு பார்த்தால் உன் இடம் காலியாக இருந்தது. அழுகை தாங்காமல் வெளியே போயிருப்பாய். கேட்டவர்களிடம் அப்படியே சொன்னேன், அவர்களும் உருகிப்போனார்கள். எதையோ கண்ணால் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தாயே, பார்த்துவிட்டாய் அல்லவா? வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். அதற்குள் வந்துவிடு. குழாயையும் சரி செய்துவிட்டேன்.

உனக்காகக் காத்திருக்கும்,
உன் கணவன்


ஜூலை 27

போதகர் ஐயா அவர்களுக்கு,

நிரந்தரமானதற்கு வாழ்த்துகள்.

அந்தப் புத்தியில்லாத ஆள் நான்தான். வாசலில் இருந்தது என் பெட்டி. பொரிப்பகத்தில் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, துணிமணி அத்தனையும் அடைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பீர்கள் என்று கோட்டை கட்டியிருந்தேன்.

கோயில்பிள்ளையைத் திட்டாதீர்கள். அனுப்பியது நான். வேண்டுமென்றே அந்த இடத்தில்தான் அனுப்பினேன். முன்வரிசையில் இருந்து அவரைக் கண்ணால் கூப்பிட்டு, "ஐயாவை ஒரு நிமிஷம் கீழ வரச் சொல்லுங்கண்ணே, நான் கூப்பிடுறேன்னு சொல்லுங்க" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மறுபடி என்னை அந்தப் படி ஏறச் சொல்லாதீங்கம்மா" என்று கும்பிட்டார். ஆனாலும் ஏறினார். "அம்மா கூப்பிடுறாங்கய்யா" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. உங்கள் கை எழுந்தது.

இறங்கி வந்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். அந்த இடத்தைவிட்டு அசைந்திருக்கமாட்டேன். சுண்டுவை வைத்து நீங்கள் கூட்டம் சேர்த்ததைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்.

நீங்கள் பிரசங்கிக்கும் கடவுளைப் பற்றி நானும் யோசித்தேன். மற்ற எல்லாவற்றையும் மேலே இருந்துகொண்டே வாயால் சொல்லிப் படைத்தார். மனிதன் என்று வந்தபோது கீழே இறங்கினார், மண்ணில் கை வைத்தார், குனிந்து முகத்தோடு முகம் வைத்து ஊதினார். அவருக்கு இறங்க முடிந்தது. உங்களுக்கு அந்த நாலு படி இறங்க முடியவில்லை, இரண்டு தரமும்.

அடுத்த வருஷம் ஆறாம் நாள் பிரசங்கத்தில் என்னையும் சேர்த்துக்கொள்வீர்கள். உங்களைப் பக்குவப்படுத்தவே கடவுள் அவளை அனுப்பினார், போனாள் என்பீர்கள். சொல்லுங்கள், நன்றாக அழுவார்கள். கோயில்பிள்ளை வேலையை விடப்போகிறேன் என்றார், எங்கள் பொரிப்பகத்தில் காவலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இனி உங்களை நடுவில் நிறுத்த யாரும் வரமாட்டார்கள். எனக்கும் பழைய இடத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போன் செய்யவேண்டாம், எழுதவும் வேண்டாம். வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

கடைசியாக ஒன்று. அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனேன். வாசலுக்கு எதிரே கல் வெட்டுகிறவர் பட்டறை இருக்கிறதே, அவரை வீட்டிலிருந்து கூட்டிவந்தேன். அவர் கேட்டார், "பேர் சேர்க்கணுமாம்மா?" வேண்டாம், ஒரு சொல்லை எடுக்கவேண்டும் என்றேன். "போதகரின்" என்பதை உளியால் கொத்தி எடுத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தூளை ஊதிக்கொண்டிருந்தேன்.

இப்போது கல்லில் "மகன்" என்று மட்டும்தான் இருக்கிறது. அவன் அதற்குத்தான் பிறந்தான்.

சுண்டுவின் அம்மா