நீ ஓட்டிய காரை நான் விற்கப் பார்த்தது

என் வசந்தி அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை மனசுக்குள்ளேயே உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். இதை மட்டும் எழுதித்தான் சொல்ல வேண்டும். உன் காரைக் கொடுத்துவிட்டோம்.

உன் காலத்திலேயே அது மக்கர் பண்ணும். நீ அதட்டி ஓட்டிவிடுவாய். நீ போன பிறகு நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், நம்புவாயா? ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாறு ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன்.

சித்திரை வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பி வரும்போது அடையாறு பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் வெறும் முனகல். பின்னால் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "இதோ கிளம்பிடும்மா" என்று அம்மா பக்கம் திரும்பினேன். அம்மாவின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கன்னத்தைத் தட்டினேன். கண் திறக்கவில்லை.

அப்போது உன்னைத் திட்டினேன் அக்கா. வாய்விட்டே திட்டினேன்.

ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "இன்னாம்மா பாத்துகினு கீற? அவங்கள தூக்கு. வண்டி எங்கயும் போவாது" என்றார். இருவருமாக அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். பிரஷர் சட்டென்று இறங்கிவிட்டது, கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அம்மா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "வண்டியப் பூட்டினியா?"

மந்தைவெளி மெக்கானிக் முருகேசன் பார்த்துவிட்டு, "எஞ்சின் சூடானா நிக்குது மேடம். இனிமே செலவு பண்றது வீண். வித்துட்டு வேற செகண்ட் ஹேண்ட் வாங்கிடுங்க" என்றார். அபிராமபுரத்தில் ஒரு நல்ல வண்டியையும் அவரே காட்டினார். நம் காரை விற்றால்தான் அதை வாங்க முடியும். அதன் சொந்தக்காரரோ சனிக்கிழமை சாயங்காலம் வரைதான் காத்திருப்பாராம். "பாக்க வர்றவங்களக் காலையில வரச் சொல்லுங்க. ஆறின வண்டியில ஒரு குறையும் தெரியாது" என்று முருகேசன் சொன்னபடியே நானும் காலையில் வரச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை கொட்டிவாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கூடவே ஏழு மாதக் கர்ப்பிணி மனைவி. தெருவை மூன்று முறை சுற்றினார். வண்டி ஒரு முறைகூட முனகவில்லை.

"டெலிவரி நேரத்துல அவசரத்துக்கு வண்டி வேணும் மேடம். இதுல ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?"

"நல்லா ஓடும்" என்றேன்.

அது பொய்யா அக்கா? ஆறியிருந்தால் நன்றாகத்தான் ஓடும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீங்கிய அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அட்வான்ஸை எடுத்து நீட்ட, வாங்கக் கையையும் நீட்டிவிட்டேன்.

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "தம்பி, இந்த வண்டி பாலத்து நடுவுல நின்னுபோச்சு. நான் மயங்கியே விழுந்துட்டேன். சூடானா நிக்குமாம். இவ சொன்னாளா?"

அவர் கோபப்படவில்லை. பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் "ரொம்ப நன்றிம்மா" என்றார். மனைவியின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார்.

உள்ளே வந்து கத்தினேன். "செவ்வாய்க்கிழமை எதுல போவ? நடந்தா போவ?"

"ஆட்டோல போறேன். வலி எடுத்த நேரத்துல அந்தப் பொண்ணு நடுரோட்டுல நின்னா என்னடி பண்ணுவா?"

அபிராமபுரத்து வண்டி வேறு யாருக்கோ போய்விட்டது. ஐந்து வாரம் ஆட்டோவில் அலைந்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உன் காரை, உள்ளதைச் சொல்லி, உதிரி பாகங்களுக்காகப் பிரிப்பவரிடம் கொடுத்தேன். அது போனபோது நான் வாசலுக்கு வரவில்லை. மன்னித்துவிடு.

போன வாரம் மயிலாப்பூரில் ஒரு கார் கிடைத்தது. ஏற்கெனவே மூன்று பேர் ஓட்டியது. இடது கதவை இரண்டு தடவை இழுத்துச் சாத்த வேண்டும். என்ன குறை என்று கேட்டதற்கு அதன் சொந்தக்காரர் கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். அதனால்தான் வாங்கினேன். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன்.

வசந்தி இருந்திருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பாள் என்கிறாள் அம்மா. சொல்லியிருப்பாயா? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்த பிறகும்? எனக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும்.

இந்த வண்டியையும் ஒருநாள் விற்க வேண்டிவரும். அன்று கேட்டைப் பிடித்துக்கொண்டு வர அம்மா இருக்க மாட்டாள். நானே சொல்லிவிடுகிறேன் அக்கா. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் மட்டும் எதையும் மறைக்கத் தெரியாத
உன் தங்கை சுமதி