நூற்றிப்பதினேழாம் நம்பர் சூரை

விழிஞ்ஞம்
12-2-1974

பிரியமுள்ள தாசம்மா,

வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. மீன் எங்கே போகிறதென்று அறிய நாங்கள் அதன் முதுகில் குத்திக் கடலில் விடுகிற மஞ்சள் நாடா, நூற்றிப்பதினேழாம் நம்பர், இன்று ஆபீசுக்குத் தபாலில் வந்தது. குளச்சலில் தன் வலையில் பட்ட சூரை மீனில் இருந்ததாக உன் அப்பா பெயரில் கடிதம். எழுத்து உன்னுடையது.

கடலில் விட்டதில் ஒன்றுகூடத் திரும்பிக் கிடைக்கவில்லையே என்று நான் புலம்பினதற்காகவா செய்தாய்? அந்த நாடா என் சட்டைப்பையில் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்தச் சூரை நாடா குத்தும்போதே என் கையில் செத்துப்போச்சு. அன்றைக்குச் செத்ததில் அது நாலாவது. ஆராய்ச்சி சாருக்குப் பயந்து, உயிரோடு விட்டதாகவே புக்கில் எழுதிவிட்டேன்.

சார் சந்தோஷத்தில் எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை உன் அப்பாவைப் பார்க்க வருகிறாராம். அன்றைக்கு அப்பா கரையில் இருக்கவே கூடாது. அவருக்குப் பொய் சொல்ல வராது.

மேப்பில் இங்கிருந்து குளச்சலுக்குச் சிவப்புக் கோடு போட்டாச்சு. மீன் குளச்சலுக்கு வந்தது மெய்தான். என் பையில், பஸ்ஸில் வந்தது. நீதான் குழம்பு வைத்தாய்.

உன் வீட்டுக்காரன்