ராணி சிலையடியில் நின்றவளுக்கு

இன்று கண்டி நீதிமன்ற வராந்தாவில் ஓர் இளம் வழக்கறிஞர் மழையில் நனைந்த கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கதிரையில் விரித்திருந்தார். அந்த ஈர வாசனை பட்டதும் நீ வந்து நின்றாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. உன்னிடம் ஒரே ஒரு முறைதான் ஒப்புக்கொண்டேன். இப்போது எழுதியே வைக்கிறேன். வாழ்நாளெல்லாம் உன் மேல் எனக்குப் பொறாமை.

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இருவரும் ஒரே மேசையில்தான் படித்தோம். நீ தேறினாய். நான் தேறவில்லை. நீ வழக்கறிஞராக நின்ற அதே நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளரானேன். நீதிமன்ற மொழியான சிங்களத்தில் நீ கேட்ட கேள்விகளைத் தமிழ்ச் சாட்சிகளுக்கும், அவர்களுடைய பதில்களை நீதிபதிக்கும் சொல்லிச் சொல்லியே என் வயசு போனது.

பிறகு அந்த இங்கிலாந்துப் பயணம். மொழி உரிமைக்காக வேலை செய்கிறவர்களில் ஒருவருக்குத்தான் இடம். இருவரும் விண்ணப்பித்தோம், நீ போனாய். ஒரு நாள் நான் இரவுச் சாப்பாட்டுக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் அழைத்தாய். உனக்குப் பின்னால் ஈரப் புல், தேம்ஸ் நதி, ஆளைவிட இருமடங்கு உயரத்தில் ஒரு சிலை.

“இந்தா பாரு புள்ள, ராணி. நம்மள மாதிரியே மழையில நனையிறாங்க.”

ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான் என்ற சாசனத்தில், எண்ணூறு வருஷங்களுக்கு முன் ஒரு ராஜா முத்திரை வைத்த ஆற்றங்கரை அது. அதன் நினைவாகத்தான் சிலை. “ராசா கையக் கட்டுன சாசனத்துக்கு ராணியவே காவல் வச்சிருக்காங்க,” என்று சிரித்தாய்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடந்தபோது, ஒரு நாள் அங்கே போய் நிற்க வேண்டுமென்று முதலில் சொன்னவள் நான். உனக்கு அது ஞாபகமில்லை. “சத்தம் விட்டுவிட்டுக் கேக்குது,” என்று பொய் சொல்லித் துண்டித்துவிட்டேன்.

நீ திரும்பியதும் பேராதனையில் ஒரு மண்டபத்தில் மாணவர்களுக்குப் பேச அழைத்தார்கள். தமிழில்தான் பேசுவேன் என்றாய் நீ; நான் அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சிலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், குரலைத் தாழ்த்தினாய்.

“நீதியத் தாமதிக்க மாட்டோம்னு அந்தச் சாசனத்துல இருக்கு. இங்க தேயிலத் தோட்டத்துலயே பொறந்த எங்கப்பா, பிரஜாவுரிமைக் கடதாசிக்குக் காத்திருந்தே செத்துப்போனாரு. அவரு போன பொறகுதான் அது தபால்ல வந்துச்சு.”

தமிழ்ப் பிள்ளைகள் அசையவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இதைச் சிங்களத்திலும் சொல்லிவிட்டால் மண்டபம் முழுவதும் உன்னுடையதாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. சாசனத்தைச் சொன்னேன். உன் அப்பாவை விட்டுவிட்டேன்.

உனக்கு என்னைவிட நல்ல சிங்களம். ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு அடுத்த தாளைப் புரட்டினாய்.

பஸ் தரிப்பிடத்துக்கு வந்த பிறகுதான் கேட்டாய். “எங்கப்பாவ ஏன் விட்ட?”

“மறந்துட்டேன்.”

“நீ ஒண்ணையும் மறக்க மாட்ட. பொறாமையா?”

“ஆமா.”

“எனக்கும் உன் மேல இருக்கு. நான் கேள்வி கேக்கிறப்ப சாட்சிக்காரங்க என் மொகத்தப் பாக்கிறதே இல்ல, உன்னத்தான் பாக்குறாங்க. ஆனா உங்கிட்டேருந்து நான் எதையும் எடுக்கல புள்ள.”

அதற்குப் பிறகு நீ அதைப் பேசவே இல்லை. நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தேன். நீ ஏதாவது பழைய வழக்கைச் சொல்லத் தொடங்கிவிடுவாய். உன் மரண வீட்டுக்குத் தோட்டங்களிலிருந்து லொறிகளில் வந்து இறங்கி அழுதவர்களைப் பார்த்தபோதும், எனக்கு இத்தனை பேர் வரமாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

இப்போது நான் ஒரு சொல்லையும் விடுவதில்லை. இன்று ஒரு காணி வழக்கில் சாட்சி சொன்ன கிழவி, பேச்சின் நடுவே, செத்துப்போன தன் பசுவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். சுருக்கமாகச் சொல்லச் சொன்னார் நீதிபதி. பசுவையும் முழுதாகச் சொல்லித்தான் முடித்தேன்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். “முந்தி இங்க ஒரு லோயரம்மா இருந்தாங்களே, இன்னைக்கு வரலையா?”

“அவங்க இப்ப இல்லம்மா.”

“ஐயோ பாவம். அவங்க மாதிரி யாரு பேசுறது?”

சுருக்கென்றது. இத்தனை வருஷமாகக் குத்திய அதே இடத்தில்தான். அது ஆறாமலே இருக்கட்டும்.