அளவு தப்பாத கை

மருமகளுக்கு,

குடிப்பவர் வீடுகளுக்குப் போய்ப் பேச, எங்கள் தெருப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். நானும் சேர்ந்தேன். நேற்று நர்ஸம்மா, சாராயம் என்று நினைத்துக்கொண்டு டம்ளரில் ஒரு அளவு தண்ணீர் ஊற்றச் சொன்னார். எல்லாரும் கூடக்குறைய ஊற்றினார்கள். நர்ஸம்மா அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தபோது, என்னுடையது மட்டும் சரியாகக் கோட்டில் நின்றது.

"பாட்டிம்மா, எங்க பழகினீங்க?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"மருந்து ஊத்திப் பழக்கம்" என்றேன்.

ரோட்டில் விழ வேண்டாமென்று மகனுக்கு ஆறு வருஷம் வீட்டிலேயே ஊற்றிக்கொடுத்த கை இது. உன்னால்தான் குடிக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்ன வாயும் என்னுடையதுதான்.

நீ ஒருநாள் பார்த்துவிட்டாய். பச்சைச் சேலையில் சமையலறை வாசலில் நின்று, "வேண்டாம் அத்தே" என்றாய். வீட்டை விட்டுப் போகும்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காகவே உன்மேல் இத்தனை வருஷம் கோபமாக இருந்தேன்.

நர்ஸம்மாவுக்கு நாளை உண்மையைச் சொல்லப்போகிறேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் அத்தை